யாருடைய தால்மா?

ஒடிசாவின் கட்டக் நகரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிப் பிழைக்கிற பாசுதேவ் ரௌத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. எந்த மின்விசிறியைக் கொண்டுபோய் வைத்தாலும், திறந்து பார்க்காமலே இதற்கு இத்தனை சுற்று, இந்தக் கனத்தில் கம்பி என்று சொல்லிவிடுவார். ஆனால் தன் வீட்டுப் பருப்புக் குழம்பான தால்மாவில் என்னென்ன காய் கிடக்கிறது என்று கேட்டால் மனுஷன் திருதிருவென்று முழிப்பார். இருபத்துமூன்று வருஷமாக வாரத்துக்கு நாலு நாள் தின்ற பதார்த்தம்! தட்டைக் குனிந்து பார்த்திருந்தால்தானே தெரியும்.

தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இந்தக் கார்த்திக மாதத்தில் வந்தது. மனைவி குமுதினி புரிக்குப் போய்விட்டாள். மகன் பாபுனுக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்து பிழைத்தபோது, ஒரு கார்த்திகம் முழுக்க ஜகந்நாதர் காலடியில் தங்கி, ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டவள். ஒரு வருஷம் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் மகள் லிப்ஸாவுக்குப் பரீட்சை என்று பதினொரு வருஷம் தள்ளிப்போன வேண்டுதல். பாபுனுக்கு மீசை முளைத்துக் கல்லூரிக்கும் போயாகிவிட்டது.

கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "இங்க நீங்க எல்லாம் அரை வயித்தோட கிடந்தா அந்த விரதம் எனக்கு ஒட்டாதுங்க. யாராவது சரியா சாப்பிடலைன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ல வந்துடுவேன்."

"நீ நிம்மதியாப் போ. நான் பாத்துக்கறேன்" என்றார் பாசுதேவ். அதுவரைக்கும் அவர் டீ கூடப் போட்டதில்லை.

வேறு மாதமாக இருந்தால் நாலு மீனை வறுத்துப் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். கார்த்திகத்தில் மீன் ஏது, முட்டை ஏது? வெங்காயம் பூண்டு கூட வாசலைத் தாண்டாது. சரி, இருக்கிறதிலேயே சுலபமானதும் மலிவானதும் பருப்பும் காயும் சேர்த்துக் கொதிக்கவிடுகிற தால்மாதானே என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய்க் கேட்டார்.

"பருப்பு, வாழைக்காய், பப்பாளிக்காய், பூசணி, முருங்கைக்காய். தண்ணி ஊத்தி வேகவிடுங்க. கடைசியில தேங்காயைத் துருவிப் போடுங்க" என்றாள் அவள்.

"எவ்வளவு தண்ணி?"

"வேணுங்கற அளவு."

"எத்தனை நிமிஷம்?"

"வேகுற வரைக்கும்."

இதெல்லாம் ஒரு பதிலா? கம்பிக்கு அளவு சொல்கிற மாதிரி ஒரு அளவு சொல்லத் தெரியாதா இந்தப் பெண்களுக்கு என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. இருந்தும் பொங்கிவைத்தார். பருப்பு வெந்திருந்தது, உப்பும் இருந்தது. முதல் தடவைக்கு அது ஒன்றும் மோசமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வீட்டில் மூன்று தட்டும் அப்படியே திரும்பி வந்தன.

"இதுல தேங்காய் போட்டிருக்கே" என்றார் அப்பா ஜதுமணி. எழுபத்தெட்டு வயது, பல் இருந்த இடமெல்லாம் காலி. "எனக்கு இருமல் வரும்னு தெரியாதா? மருமக ஒரு நாளும் தேங்காய் போட்டதில்லடா. தண்ணியா, கொழகொழன்னு இருக்கும்."

"என்ன தாத்தா சொல்றீங்க? அம்மா தால்மாவே தேங்காய்தான்" என்றாள் லிப்ஸா. "பூசணிதான் இருக்கவே இருக்காது. இது என்னப்பா, பூசணிக் குளமா?"

"போடி லூசு! பூசணி இல்லாத தால்மாவா? பெரிய பெரிய துண்டாப் போட்டு, மேல வறுத்த சீரகமும் மிளகாயும் பொடிச்சுத் தூவியிருப்பாங்க. கண்ணுல தண்ணி வரும்" என்றான் பாபுன்.

பாசுதேவுக்குத் தலை சுற்றியது. அவர் நினைவில் இருந்த தால்மாவோ கரண்டி நட்டால் நிற்கும். மேலே நெய்யில் தாளிப்பு மிதக்கும். இவர்கள் மூன்று பேரும் சொல்கிற எதையும் அவர் இந்த வீட்டில் கண்டதே இல்லை. ஒரே வீடு, ஒரே பானை, ஒரே சமையல்காரி. யார் பொய் சொல்கிறார்கள்?

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடம் கேட்டால் வீடு தடுமாறுகிறது என்று புரிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவாள். பதினொரு வருஷ வேண்டுதல் ஒரு பிடி தேங்காய்த் துருவலில் பாழாய்ப்போகும். ஆகவே அவள் தினமும் ஒருவேளை உணவை முடித்துவிட்டு மூன்று மணிக்குக் கூப்பிடும்போதெல்லாம், "எல்லாரும் சாப்பிட்டாச்சு. நானும் மூக்கு முட்டத் தின்னேன்" என்று வாய் கூசாமல் சொன்னார். உண்மையில் பாபுன் தெருமுனையில் வடையும் பட்டாணியும் தின்றுகொண்டிருந்தான். ஜதுமணி அவலை ஊறவைத்து வாழைப்பழத்தோடு பிசைந்துகொண்டார். லிப்ஸா கோபத்தில் இளைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியா, சரி" என்பாள் குமுதினி. அந்த 'சரி' நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது. அது ஏன் என்றும் அவருக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். ஆளுக்கு ஒரு தால்மா! நாலு பாத்திரம், நாலு விதம். காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நின்றவர் பதினொன்றுக்குத்தான் நகர்ந்தார். கடையில் ரிப்பேருக்கு வந்த மோட்டார்கள் வரிசையில் கிடந்தன. நாலில் இரண்டு அடி பிடித்தது, ஒன்றில் உப்பு இரண்டு தரம் விழுந்தது, மற்றதில் விழவே இல்லை. ஆள் மாற்றித் தட்டு வைத்ததில் தாத்தாவுக்குப் பாபுனின் மிளகாய்ப் பொடி போய்ச் சேர்ந்து, அவர் இருமிய இருமலில் தெரு கூடிவிட்டது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு பாத்திரக் கூத்தில் சிலிண்டர் தீர்ந்துபோனது. அடுத்தது வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கடையிலிருந்து தான் கம்பி சுற்றிய ஒற்றைச் சுருள் மின்னடுப்பைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். அதில் ஒரே ஒரு பானைதான் உட்காரும். பசி தாங்காமல் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

பருப்பும் காயும் வெந்து, இன்னும் எதுவும் போடாத நேரத்தில் ஜதுமணி கிண்ணத்தை நீட்டினார். "எனக்கு இப்பவே ஊத்துடா. நீ அதையும் இதையும் கொட்டறதுக்கு முன்னாடி."

ஊற்றினார். கிழவர் கொஞ்சம் வெந்நீர் விட்டு, பப்பாளியை விரலால் மசித்து ஒரு வாய் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "இதான்! இதேதான்டா!"

அதற்குள் லிப்ஸா, "எனக்குப் பூசணி இல்லாம எடுங்கப்பா, தேங்காயை நானே போட்டுக்கறேன்" என்று இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள். அவள் ஒதுக்கிய பூசணியெல்லாம் பாபுன் தட்டில் விழுந்தது. அவன் பொடியைத் தூவிக் கலக்கி, கண்ணீர் வழிய, "அம்மா கை அப்படியே வந்திருக்கு" என்றான். மூன்று பேரும் இரண்டாம் தரம் கேட்டார்கள். மூன்றாம் தரமும் கேட்டார்கள்.

பாசுதேவ் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். ஒரே பானைதான். நாலு பேருக்கும் நாலு தால்மா என்று அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருபத்துமூன்று வருஷம் ஓட்டியிருக்கிறாள். அடேயப்பா!

கடைசியாக மிச்சத்தைச் சுண்டவிட்டு நெய்யில் தாளித்தால் தன்னுடைய கெட்டித் தால்மா கிடைத்துவிடும் என்று ஆசையோடு குனிந்தார். பானையில் ஒரு சக்கை முருங்கைக்காயும், அடியில் ஒட்டிய பருப்பும்தான் கிடந்தன. சோற்றைப் பானைக்குள்ளேயே போட்டுப் பிரட்டி நாலு வாய் தின்றார். பசி அடங்கவில்லை. அப்போது போன் அடித்தது.

"சாப்பிட்டாச்சுங்களா?" என்றாள் குமுதினி.

சந்தோஷத்திலும் பசியிலும் அவருக்குப் பொய் மறந்துபோயிற்று. "எல்லாரும் சாப்பிட்டாங்க குமு. மூணு தரம் வாங்கி வாங்கித் தின்னாங்க. எனக்குத்தான் ஒண்ணும் மிஞ்சல. பானையை வழிச்சேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐயோ, உளறிவிட்டோமே, இப்போது பையைத் தூக்கிவிடுவாளே என்று அவருக்குத் திக்கென்றது.

"அப்ப சரி" என்றாள். "காலைல முதல் பஸ்ஸுக்கு வரலாம்னு மூட்டை கட்டி வச்சிருந்தேன். பிரிச்சிடறேன். மாசம் முடியற பௌர்ணமி வரைக்கும் இருந்துட்டே வர்றேன்."

"எதுக்கு மூட்டை கட்டின? நான்தான் தினமும் நல்லாச் சாப்பிட்டோம்னு சொன்னேனே?"

"நீங்களும் மூக்கு முட்டத் தின்னேன்னீங்களே. அது எப்படிங்க முடியும்? பொய்யின்னு அன்னிக்கே தெரியும்."

"இன்னிக்கு மட்டும் எப்படி நம்பற?"

"உங்களுக்கு மிஞ்சலன்னீங்களே" என்றாள் அவள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல. "கோயில்ல மணி அடிக்குது, வச்சிடறேன்."

பாசுதேவ் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் வரப்போவதில்லை, விரதம் பிழைத்தது, துள்ளிக் குதிக்க வேண்டியதுதான். ஆனால் குதிக்கத் தோன்றவில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு நாளாவது அவளுக்கு மிஞ்சியிருக்குமா என்று யோசித்துப் பார்த்தார். அவள் சாப்பிட்டு அவர் பார்த்த ஞாபகமே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"லிப்ஸா, நாளைலேர்ந்து ஒரு கிண்ணம் பருப்பு கூடப் போடணும். மறந்துட்டா ஞாபகப்படுத்து" என்றார்.

தட்டு கழுவிக்கொண்டிருந்த லிப்ஸா திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்ப்பா, யாராவது விருந்தாளி வர்றாங்களா?"