ஆறு மணிக்கு ஓடிய கோல்கீப்பர்

மலாக்கா டவுனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் தவணையில் நான் கற்றுக்கொண்டவை பல. முட்டையை முள்கரண்டியாலும் தின்னலாம். காலில் சப்பாத்து போட்டுக்கொண்டும் நடக்கலாம். இங்கிலீஷைத் தப்பாகப் பேசினாலும் சத்தமாகப் பேசினால் யாரும் கண்டுகொள்வதில்லை. இதெல்லாம் சீக்கிரமே வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று: சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே நிற்பது.

எங்கள் ரப்பர் தோட்டம் லூபோக் சீனா பக்கம். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதென்று அவசரகாலத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவர்கூட சோப்பு நுரையோடு வீட்டுக்குள் ஓடுவார். வெளியே நிற்பவரைச் சுடலாம் என்பது உத்தரவு. சிறுவயதிலிருந்து அப்படி ஓடியே வளர்ந்தவன் நான்.

மலாக்கா டவுனில் அப்போது ஊரடங்கு கிடையாது. ஆனால் ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கும். என் கால்களுக்கு அந்த மணிக்கும் இந்த மணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் விடுதிகளுக்கிடையே பந்தாட்டப் போட்டி. உயரமானவன் என்று என்னைக் கோல்கீப்பராக நிறுத்தியிருந்தார்கள். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் மாதா கோயில் மணி அடித்தது. அவ்வளவுதான், கோலை அம்போவென்று விட்டுவிட்டு ஓடினேன். அறைக்குள் நுழைந்து, ஜன்னலைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் இது தோட்டமில்லை என்பது உறைத்தது. திடலில் எதிரணி கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது.

என் அறைத் தோழன் டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

“என்னடா, நீ மட்டும் ஓடி வந்துட்டே? கோல் கம்பத்தையும் பிடுங்கிட்டு வந்திருக்கலாம்லா!”

விடுதி வார்டன் சிரிக்கவில்லை. பாட்டுப் பயிற்சி, மாலைக் கூட்டம் எல்லாவற்றிலிருந்தும் நான் ஆறு மணிக்கு நழுவுவதை அவர் கவனித்து வைத்திருந்தார். முதல் தவணை சோதனைக் காலம். “நாலு பேரோடு சேராதவன் வாத்தியார் ஆக முடியாது. இப்படியே இருந்தால் தவணை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்” என்றார். வீடு என்றால் பால்மரம் வெட்டும் கத்தி. அப்பா என்னை அந்தக் கத்தியைத் தொடவே விட்டதில்லை.

அறைத் தோழனிடம் மணி, வேலி, உத்தரவு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கிண்டல் செய்யாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து சாயங்காலமானால் என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். வறுத்த கச்சாங் கடலைப் பொட்டலத்தைக் கையில் திணிப்பான். கடலோரச் சுவரில் உட்கார வைத்து என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்வான். மணி அடிக்கும். நான் எழுவேன். அவன் இழுப்பான்.

“உக்காருடா. இங்கே யாரும் ஒன்னும் பண்ண மாட்டாங்க.”

சுற்றிலும் சீனக் குடும்பங்கள், மலாய்ப் பிள்ளைகள், சைக்கிளில் போகிற பெண்கள். மணிச்சத்தம் காதிலேயே விழாதவர்கள்போல நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு சட்டை கிழிந்தே போனது. பிறகு ஒருநாள் கச்சாங் தீர்ந்து நிமிர்ந்தபோது இருட்டியிருந்தது. “மணி இன்னும் அடிக்கலையா?” என்று கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வார்டன் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை.

விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்த முதல் நாள் சாயங்காலம், குழாயடியில் நின்று பழைய பள்ளித் தோழனிடம் டவுன் பெருமை அளந்துகொண்டிருந்தேன். பேச்சு நடுவில் அவனைக் காணவில்லை. லயத்து வாசல்களிலும் யாரும் இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வேலியோரம் நின்ற காவல்காரர் உள்ளே போகச் சொல்லி, “ஹோய்! மாசுக்!” என்று கத்தியபடி துப்பாக்கியைத் தூக்கினார். நான் திரும்புவதற்குள் அப்பா ஓடிவந்து, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போட்டார். ஊரடங்கு நேரத்தில் அவர் வாசல் தாண்டியதை அன்றுதான் பார்த்தேன்.

“ஏன்டா, காது செவிடாப் போச்சா? மணி அடிச்சது கேக்கலையா? இதைத்தான் காலேஜில சொல்லிக் குடுத்தாங்களா?”

உண்மையில் அதைத்தான் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதவைத் தாழிட்ட பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார்: “அங்கே ஆறு மணிக்கு மேலே என்னதான் பண்ணுவாங்க?”

கடலோரச் சுவர், கச்சாங் வறுக்கும் வாசனை, கடலுக்குள் இறங்கும் சூரியன், விளக்குப் போட்ட பிறகும் திறந்திருக்கும் கடைகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா கைவேலையை வைத்துவிட்டுக் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கோபம் தணியவில்லை என்று நினைத்தேன்.

“அப்புறம் எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்புவாங்க?” என்று திரும்பாமலே கேட்டார்.

“அவங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பத்தான்.”

“நீயுமா?”

“நானும்தான்.”

அப்பா எழுந்து விளக்கைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சொல்லு” என்றார்.