நீர்வேலித் துவக்கை மதிப்பிடப் போன மூன்று நாட்கள்

செவ்வாய்க்கிழமை, காலை 6.45

காங்கேசன்துறைப் புகையிரதம் கொழும்புக் கோட்டையிலிருந்து ஐந்து நிமிடம் பிந்திப் புறப்பட்டது. கொக்குவில் வரை ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். என் பையில் ஒரு பூதக்கண்ணாடி, சிறு டோர்ச், அளவுநாடா, எண்ணெய்ப் போத்தல், பருத்தித் துணி. முப்பத்திரண்டு வருடங்களாக இவைதான் என் வழித்துணை. அனுமதிபெற்ற துவக்குக் கடையொன்றில் திருத்துநராகச் சேர்ந்தேன். பின்னர் பழைய துவக்குகளின் வயதையும் பெறுமதியையும் சொல்வதே என் தொழிலாயிற்று.

இம்முறை அழைத்தவர் ஒரு சட்டத்தரணி. நீர்வேலியில் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்தபோது இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கொன்று அகப்பட்டிருந்தது. வீட்டுக்காரப் பெண் பயத்தில் பொதியை முழுக்க அவிழ்க்காமலே அன்றே பொலிசுக்கு அறிவித்துவிட்டார். இப்போது அது நீதிமன்றப் பொறுப்பில் இருக்கிறது. வரலாற்றுப் பெறுமதி உள்ளதென்றால் நூதனசாலைக்குப் போகலாம். இல்லையென்றால் மற்ற ஆயுதங்களோடு சேர்த்து அழித்துவிடுவார்கள். எது என்று சொல்ல வேண்டியது என் அறிக்கை.

வவுனியாவில் ஏறிய ஓர் அம்மா பக்கத்தில் அமர்ந்தார். கிளிநொச்சி தாண்டியபின் கதை கொடுத்தார்.

“என்ன அலுவலாப் போறியள்?”

“பழைய துவக்கு ஒண்டு பாக்கப் போறன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “துவக்குப் பாக்கவும் ஆரும் ரிக்கற் எடுத்து வருவினமோ? நாங்கள் பாக்காத துவக்கோ?”

பிறகு ஆனையிறவு வந்தது. வெயிலில் உப்புவெளி கண்ணைக் கூசவைத்தது. அவர் யன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

செவ்வாய், பிற்பகல் 2.30

கொக்குவிலில் இறங்கி, சட்டத்தரணியின் வீட்டில் நீதிமன்ற அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். நீர்வேலிக்கு ஆட்டோ ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார் சாரதி. எட்டுக் கிலோமீற்றருக்கு அது கூடத்தான். பேரம் பேசவில்லை. கோப்பாய் கடந்ததும் செம்மண் தொடங்கியது. தெருவின் இருபுறமும் வாழை.

“ஆற்றை வீட்டை அண்ணை?” என்று சாரதி கேட்டார். வீட்டுக்காரப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சிவநேசன்ரை தங்கச்சியோ?” என்றார். அந்த வீட்டை அவருக்கு அடையாளம் காட்டியது, இல்லாத மனிதரின் பெயர்.

பரமேஸ்வரி அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் காலமாகிவிட்டார். பாதி ஓடு கழற்றிய வீட்டில் தனியாக இருக்கிறார். தேநீர் தந்தார், தான் குடிக்கவில்லை. நேரே என்னைச் சுவரோரம் அழைத்துப்போய் ஏணியைக் காட்டினார். சுவரின் தலைப்பில், கூரையைத் தாங்கும் மரவளைக்குக் கீழே ஒரு பொந்து.

“அண்ணை எப்பிடி உதுக்குள்ளை வைச்சவர் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லைத் தம்பி. அது நீட்டுத் துவக்கு. அப்பா தோளிலை வைச்சா என்ரை உயரத்துக்கு மேலை நிக்கும்.”

ஏறி அளந்தேன். பொந்தின் நீளம் இருபத்து மூன்று அங்குலம்.

மீதியை அவர் முற்றத்தில் நின்றபடியே சொன்னார். அவருடைய தகப்பனுக்கு அந்தத் துவக்குத்தான் பெருமை. பூநகரிக் காட்டில் வெள்ளைக்காரத் துரைக்கு வழிகாட்டிய பூட்டனுக்கு, துரையே பெயர் பொறித்துக் கொடுத்த பரிசு என்று சொல்வாராம். துவக்கின் மரக் கட்டையில் வெள்ளித் தகடும் இருந்தது. பிறகு யுத்த காலம் வந்தது. வீடு வீடாகத் துவக்குக் கேட்கிறார்கள் என்றறிந்ததும் அண்ணன் அதை எங்கோ ஒளித்துவிட்டார். ஒருநாள் ஆயுதத்தோடு சிலர் வந்து துவக்கைக் கேட்டார்கள். அவர்கள் யார் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே விருந்தாளி கேட்கக் கூடாத கேள்வி அது.

“அப்பா அப்ப பாரிசவாதத்திலை படுத்த படுக்கை. ‘துவக்குப் போனா நானும் போனன்’ எண்டு அண்ணையின்ரை கையைப் பிடிச்சு அழுதவர். அண்ணை வெளியிலை வந்து ‘இல்லை, அது கனகாலத்துக்கு முந்தி வித்தாச்சு’ எண்டார். அவை நம்பேல்லை. விசாரிச்சிட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போச்சினம்.”

சிவநேசனுக்கு அப்போது இருபத்தாறு வயது. திரும்பவில்லை.

“எரிச்ச சாம்பலும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. திவசம் குடுக்கத் திதி தெரியாது. எனக்குக் காசு வேண்டாம் தம்பி. நூதனசாலையிலை அதை வைச்சா, பக்கத்திலை ஒரு மட்டையிலை இன்னார் காப்பாத்தினது எண்டு பேர் போடுவினமெல்லே? எங்கையாவது அவற்றை பேர் இருக்க வேணும்.”

“முதல்லை பாப்பம் அக்கா” என்றேன்.

அன்று நல்லூரில் தங்கினேன். அறைக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

புதன்கிழமை, காலை 10.15

நீதிமன்றக் கட்டடத்தின் பின்னறை. ஓர் உத்தியோகத்தர் முத்திரையிட்ட துணிப்பொதியைப் பிரித்து மேசையில் வைத்தார். குழல், விசைப்பகுதி சேர்ந்த கட்டை, முன்பிடி என மூன்று துண்டுகள். பழைய கிறீஸ் கறுத்து இறுகியிருந்தது. பொறுமையாகப் பூசியிருந்தார்கள். கறையான் தொடவில்லை.

நல்லது ஏதாவது கிடைக்காதா என்றுதான் தேடினேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

குழலின் மேல் லண்டன் என்று பொறித்திருந்தது. குழலைக் கழற்றி அடியைத் துடைத்தேன். அங்கே இருந்தது பெல்ஜியத்தில் சோதித்த துவக்குகளுக்கு இடும் நீள்வட்ட முத்திரை. அந்தக் காலத்தில் மலிவான துவக்குகளில் இங்கிலாந்துப் பெயரை வெட்டி இந்தப் பக்கத்துக்கு ஏராளமாக அனுப்பினார்கள். குழலில் ஓர் இலக்கம், விசைப்பகுதியில் வேறொன்று. இரண்டு துவக்குகளின் துண்டுகளை ஒன்றாக்கியிருந்தார்கள். கட்டை, சீமை வால்நட் மரமல்ல. நம்மூர் முதிரை. யாரோ ஒரு தச்சர் நன்றாகவே கடைந்திருக்கிறார்.

பிறகு குழலின் வாய். இரட்டைக் குழல் துவக்கில் இரு குழல்களும் முனையை நோக்கி நெருங்கி, வாயில் ஒன்றையொன்று தொடுமாப்போல் நிற்கும். இதில் இடையே தீக்குச்சி போகும் இடைவெளி இருந்தது. எட்டு அங்குலமளவு அறுத்து எறிந்திருக்கிறார்கள். இரும்பறுக்கும் வாளின் கீறல்கள் அப்படியே தெரிந்தன. அவசரத்தில் அறுத்தது. ஓரிடத்தில் வாள் வழுகி, மறுபடி பிடித்திருந்தது. மிஞ்சிய நீளத்தை அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம்.

நேற்று அளந்த பொந்து இருபத்து மூன்று அங்குலம். பொந்துக்கு ஏற்றபடி சிவநேசன் அறுத்திருக்கிறார். சேகரிப்பவர்கள் கண்ணில் குழல் அறுத்த துவக்குக்கு மதிப்பில்லை. அதைக் காப்பாற்ற அவருக்கு இருந்த வழியும் அது ஒன்றுதான்.

கடைசியாக வெள்ளித் தகடு. துரையின் பெயர், பூட்டனின் பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓர் ஆண்டு. அதைப் பிடித்திருந்த நான்கு சிறு ஸ்குரூ ஆணிகளின் தலையிலும் சிலுவை வெட்டு. அந்த ஆண்டில் அப்படியான ஆணி உலகத்தில் எங்குமே இல்லை. ஒன்றைக் கழற்றினேன். மரத்தில் வேறு பழைய துளை இல்லை. தகட்டை முதலும் கடைசியுமாக அடித்தது அந்த ஆணிகள்தான்.

புதன், பகல் 12.40

அக்கா வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். வெள்ளைச் சேலை, மடியில் கைப்பை. பக்கத்தில் அமர்ந்து, முத்திரையையும் இலக்கங்களையும், பொந்துக்கு ஏற்ப அறுத்த குழலையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆணிகளைச் சொன்னபோது தலையாட்டல் நின்றது.

“அப்ப அந்தத் தகடு?”

“பிறகு ஆரோ அடிச்சது அக்கா. உங்கடை அப்பாவின்ரை காலமாத்தான் இருக்க வேணும்.”

பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: “நான் ஏழாம் வகுப்புப் படிக்கேக்கை ஒருநாள் அப்பா ரவுணிலை இருந்து கொண்டு வந்தவர். பழைய தகடு, மினுக்கக் குடுத்து வாங்கினது எண்டு சொன்னார். அதுக்கு முந்தி நான் அதைக் கண்டதில்லை. சின்னப்பிள்ளை, நான் யோசிக்கேல்லை.” சேலைத் தலைப்பை வாயில் பொத்தினார். “அப்ப அவருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அண்ணையின்ரை கையைப் பிடிச்சு அழுதவர்.”

கையிலிருந்த குறிப்புத்தாளை மடித்தேன்.

“உதை எழுதத்தான் போறியளோ?”

“எழுதத்தான் வேணும் அக்கா.”

“எழுதுங்கோ. குழலை அறுத்தது அண்ணை எண்டும் எழுதுங்கோ. ஒரு கடதாசியிலையாவது அவற்றை பேர் இருக்கட்டும்.”

அதையும் எழுத முடியாது. பொந்தின் அளவும் குழலின் அளவும் எனக்குப் போதும், அறிக்கைக்குப் போதாது. வாளின் கீறலில் பெயர் இருப்பதில்லை. அதை அவருக்குச் சொன்னபோது என் குரல் எனக்கே கடைக்காரன் குரலாகக் கேட்டது. அவர் எழுந்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

பிற்பகல் அறையில் இருந்து எழுதினேன். “குழல்கள் கைவாளால் அறுக்கப்பட்டுள்ளன. அறுத்தவர் யாரெனத் துவக்கைக் கொண்டு கூற இயலாது. தகடு பிற்காலத்தது. வரலாற்றுப் பெறுமதி: இல்லை. சந்தைப் பெறுமதி: இல்லை.” நான்கரை மணிக்கு நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு பிரதியை ஒப்படைத்தேன்.

வியாழக்கிழமை, காலை 9.10

கொக்குவில் நிலையத்தில் அக்காவை எதிர்பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்து வந்திருந்தார். கழுவிய முகம், கண்கள் மட்டும் வீங்கியிருந்தன. மேடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல். ஒதுக்குப்புறமாக நின்றோம்.

“ஒண்டு கேக்க மறந்துபோனன். அந்தத் துவக்கு சுடுமோ?”

அதை நான் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன், அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தோட்டாவை அடிக்கும் ஊசிகள் இரண்டும் உடைந்திருந்தன. உடைந்த முனைகளின்மேல் துரு, துருவின்மேல் அவருடைய அண்ணன் பூசிய கிறீஸ். ஒளிக்கும்போதே அது செத்த துவக்கு. பொய் சொல்ல அரை நிமிடம் இருந்தது. வாய் வரவில்லை.

“சுடாது அக்கா. ஒளிக்கிறதுக்குக் கனகாலத்துக்கு முந்தியே ஊசி உடைஞ்சு போச்சு.”

“அப்ப வந்தவையிட்டைக் குடுத்திருந்தாலும்?”

“அவைக்கும் உதவியிராது.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். “எடுத்துப் பாத்திட்டு எறிஞ்சுபோட்டுப் போயிருப்பினம்” என்றார். “அண்ணை சாப்பிட வந்திருப்பார். அண்டைக்கு நான் கணவாய் சமைச்சனான்.”

புகையிரதம் வந்தது. “கவனமாப் போட்டு வாங்கோ தம்பி” என்றார், ஊர் வழக்கப்படி.

கொழும்பில் என் மேசைக்கு வருகிறவர்கள் விலை குறைவென்றால் கோபிப்பார்கள். வேறொருவரிடம் கொண்டு போவார்கள். அங்கே என் சொல் ஒரு கருத்துத்தான். நீர்வேலிக்கு நான் கொண்டுபோனது தீர்ப்பு. மேன்முறையீட்டுக்கு அவருக்கு ஆளில்லை. துவக்கை எப்போது அழிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை.

சாவகச்சேரி தாண்டும்போது என்னிடமிருந்த பிரதியை எடுத்து வாசித்தேன். எங்காவது ஒரு தவறு, திரும்பிப் போக ஒரு காரணம் அகப்படாதா என்று வரிவரியாகப் பார்த்தேன். பளை வந்தது. திருத்த ஒரு சொல்கூட இருக்கவில்லை.