வராத மருந்துக்குப் பத்தியம்

பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் நான் செய்யும் வேலையை ஊரில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டிஎன்ஏ என்றாலே, "அப்பன் யாருன்னு டெஸ்ட் பண்ணுவாங்களே, அதுதான?" என்பார்கள். அரூரில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் பொறுமையாகச் சொன்னேன். எனக்குப் பொறுமை வருவதே அபூர்வம்.

"சித்தேரி பஸ் ஊர் ஊரா நின்னு ஆள ஏத்திக்கிட்டுப் போவுதில்ல? அந்த மாதிரி, டிஎன்ஏ இழையில ஒரு பாதை போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெஷின அதுமேல நடக்க வுடறோம். அது ஒவ்வொரு எடத்துலயும் ஒரு பொருள எடுத்து, முன்ன எடுத்ததோட கோத்துக்கிட்டே போவும். பின்னாடி ஒரு நாள் இப்படி மருந்துகூட செய்யலாம்."

அம்மா மருந்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தாள். என் மெஷினோ மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டாமல் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா இளைத்திருந்தாள். காலில் ஆறாத புண். அலமாரியில் சர்க்கரை மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

"ஏம்மா, மாத்திரை போடறதில்லையா?"

"ஒரு மருந்து ஒடம்புல இருக்கையில இன்னொண்ணு சேந்தா ஒத்துக்காது பாப்பா. நீ செய்யற மருந்து வர்றதுக்குள்ள பழசெல்லாம் எறங்கட்டும்னு நிறுத்திட்டேன்."

நாட்டு மருந்து தொடங்கும் முன் இங்கிலீஷ் மருந்தை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் இன்னும் பிறக்காத மருந்துக்குப் பத்தியம் இருந்த ஆளை நான் பார்த்ததில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்தது. என்மேல் இத்தனை நம்பிக்கை வைத்த ஆள் வேறு யாருமில்லை. அந்த நம்பிக்கை இப்போது அவள் காலைத் தின்றுகொண்டிருந்தது.

"சேந்து இருந்தாலே ஒத்துக்காம போவாதும்மா. எங்க லேப் குழாயில எல்லாப் பொருளும் ஒண்ணாத்தான் மிதக்குது. மெஷின் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். இல்லன்னா அதது பாட்டுக்கு இருக்கும்மா."

அம்மா மசியவில்லை. குழாய் வேறு, உடம்பு வேறு என்பது எனக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன்.

"அது சர்க்கரைக்கு மருந்து இல்லம்மா. எந்த மருந்தா ஆவும்னும் தெரியாது. எப்படியும் உனக்கு வராது."

அம்மா குனிந்து கால் புண்ணைப் பார்த்தாள்.

"உன் மெஷினு இப்ப எந்த ஸ்டாப்புல நிக்குது?"

"மூணாவது. அதுக்கு மேல போவாம கழண்டு வுழுந்துடுது."

"அப்ப நாளாவும்."

"ஆவும். நீ மொதல்ல கெளம்பு, டாக்டரப் பாத்துட்டு வரலாம்."

அம்மா எழுந்து புடவையை உதறிக் கட்டினாள்.

"அந்த மாத்திரை அட்டையவும் எடுத்துக்க பாப்பா. உன் மெஷினு கடைசி ஸ்டாப்புக்கு வர்றதப் பாக்க நான் இருக்கணுமில்ல."