தங்க மூடி ஐ.சி.யும் என் மானமும்

கெட்டுப்போன சாமானைச் சரிபண்ணிக் கொடுப்பது ரிப்பேர்காரனின் தொழில். கெட்டுப்போனதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது அவனுடைய வியாதி. எண்பதுகளில் தேனியில் ரேடியோ, டிவி, கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த எனக்கு அந்த வியாதி முற்றிவிட்டது. மில்களும் ஆபீஸ்களும் கழித்துப்போட்ட பழைய கணக்கு மெஷின்களிலிருந்து ப்ராசஸரை மட்டும் கழற்றிச் சேர்த்துவந்தேன். மெஷினுக்கு மூளை அதுதான். கடை பாஷையில் வெறும் ஐ.சி. ஆரம்ப காலத்தில் வந்தவை வெள்ளைப் பீங்கான் உடம்பும் தங்க மூடியும் தங்கக் கால்களுமாக நகை மாதிரி இருக்கும்.

தபால்தலையோ தீப்பெட்டிப் படமோ சேர்த்து வீட்டில் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

பூரான்

முதல் தங்க மூடி ஐ.சி. ஒரு நூல் மில்லின் சம்பளக் கணக்கு மெஷினிலிருந்து கிடைத்தது. அன்று ராத்திரி அதை மேசையில் மல்லாக்க வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. போடியிலிருந்து மாமியார் வந்திருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் சாக்கடையில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். போதகர் ஐயா நின்று, என்ன தம்பி தேடுகிறீர்கள் என்று கேட்டார். மாமியார்தான் படியில் நின்றபடி எனக்காகச் சொன்னார்கள்: "தங்கப் பல்லு கட்டின பூரான் ஒண்ணு செத்துக் கெடந்துச்சுங்கய்யா. நாந்தேன் தூக்கிப் போட்டேன். மாப்ள அதைத் தேடுதாக."

ஆசாரி கடை

ஐ.சி. அபூர்வமானதா இல்லையா என்பதை அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்துதான் சொல்லும். எந்த வருஷம், எத்தனையாவது வாரம் செய்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். சில எழுத்து வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பஜாரில் நகை ஆசாரி ஒருவரிடம் போய், அவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கிரேஸின் சித்தப்பா அந்தப் பக்கம் போயிருக்கிறார். நானும் ஆசாரியும் தலையோடு தலை வைத்துப் பளபளவென்று எதையோ பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டவர், கூப்பிடாமலே போய்விட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனார் வந்து இறங்கினார். ஏலக்காய் வியாபாரி, குரலை உயர்த்தாத மனுஷர். காபியைத் தொடவில்லை. மகளைக் கூப்பிட்டு, போட்டு அனுப்பின நகையை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். கிரேஸ் ஒன்றும் புரியாமல் கொண்டுவந்து பரப்பினாள். ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் ஆசாரி கடையில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் இருமல் மிட்டாய் டப்பாவைத் திறந்து என் ஐ.சி.களைக் காட்டி, எந்த மெஷின், எந்த வருஷம் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார். பிறகு மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை கழுத்துல கெடந்ததை வித்திருந்தீகன்னாக்கூட அதுல ஒரு அர்த்தம் இருந்திருக்கும் மாப்ள."

மதுரையிலிருந்து ஒருவர்

மதுரையில் நான் பார்ட்ஸ் வாங்கும் கடையில் கொஞ்சம் பெருமை அடித்து வைத்திருந்தேன். அதைக் கேள்விப்பட்டு ஒரு கல்லூரி வாத்தியார் தேனிக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். அவரும் ஐ.சி. சேர்க்கிறவர். உலகத்தில் எனக்குத் துணைக்கு இன்னொருவர் இருக்கிறார் என்று கண்ணில் தண்ணீர் வராத குறை.

கிரேஸின் நைலக்ஸ் சேலைத் துணியில் சுற்றிவைத்திருந்த ஒன்றைத்தான் முதலில் காட்டினேன். வாங்கி எழுத்தைப் படித்தவர் சேரின் நுனிக்கு வந்துவிட்டார். ஆரம்பத்திலேயே செய்தது, இந்தியாவில் எத்தனை இருக்குமோ தெரியாது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்ச டப்பாவையும் திறந்து, எழுத்தே இல்லாத ஐ.சி.களை வரிசையாக அடுக்கி, இவை விற்பனைக்கு வருவதற்கு முன்னால் கம்பெனி சோதனைக்காகச் செய்தவை, அதனால்தான் பேர் போடவில்லை என்று என் சொந்த ஆராய்ச்சியை எடுத்துவிட்டேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். எதை வைத்துத் துடைக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அழுக்குப் போகட்டும் என்று வாராவாரம் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைப்பதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் எல்லாவற்றையும் பழையபடி டப்பாவில் அடுக்கி மூடினார்: "இனிமே எல்லாமே அபூர்வந்தான் சார். எது என்னன்னு யாராலயும் சொல்ல முடியாது."

கம்பத்தில் சொற்பொழிவு

மிஞ்சியது நைலக்ஸ் துணியில் இருந்த ஒன்றுதான். அப்போது கம்பத்திலிருந்து லூர்து டீச்சர் வந்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர். சுருளிப்பட்டியில் தன் பங்குத் தோட்டத்தை விற்று, செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வகுப்பு திறக்கப் போகும் வாரத்தில் கரண்ட் ஏறி இறங்கியதில் அது அணைந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். போனது ப்ராசஸர். என்னிடம் இருந்தது அதே ஜாதி, அதே அளவு.

கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினேன். கிரேஸ்தான் அதைத் துணியோடு எடுத்து என் பையில் வைத்துவிட்டாள். கம்பத்தில் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாக்களும் கூடியிருந்தார்கள். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், அருமை தெரியட்டும் என்று, அதன் பிறப்பு முதல் பெருமை வரை நின்று பேசினேன். வாத்தியார் சேர் நுனிக்கு வந்ததைக்கூட விடவில்லை. பிறகு மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். திரை இருட்டு. கழற்றி மாட்டினேன். இருட்டு. ப்ராசஸருக்கு நைலக்ஸ் துணி ஆகவே ஆகாது, உரசலில் பிறக்கும் மின்சாரமே அதைக் கொன்றுவிடும் என்பது ரிப்பேர்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழற்றிய நாளிலிருந்து ஒருமுறைகூட அதற்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பின்னால் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். லூர்து டீச்சர் திரும்பினார்: "சிரிக்கக் கூடாது பிள்ளைகளா. சார் வீட்டுல ஒரு சாவு விழுந்துருச்சுன்னு நெனச்சுக்கங்க."

கறுப்பு பிளாஸ்டிக்

அங்கிருந்து வீட்டுக்குப் போக முகமில்லாமல் நேரே மதுரைக்குப் போனேன். அதே ஐ.சி., புதிதாக வந்தது, கறுப்பு பிளாஸ்டிக்கில் பார்ட்ஸ் கடையில் குவிந்து கிடந்தது. மறுநாள் கம்பத்தில் சொற்பொழிவு இல்லாமல் மாட்டினேன். திரையில் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் தங்கள் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் திரையில் பார்த்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது டீச்சர் செத்துப்போன ஐ.சி.யைக் கைக்குட்டையில் மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். புதுசும் அதே மாதிரி அபூர்வமானதா என்று விசாரித்தார். இல்லை டீச்சர், எங்கே போனாலும் கிடைக்கும் என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது: "அப்ப நல்லதாப் போச்சு சார். இது போனா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்ல."

மொத்தத்தில், நான் சேர்த்தவற்றில் இன்றுவரை பழுதில்லாமல் இருப்பது வெட்கம் ஒன்றுதான்.