அந்தோனியார் ஒரு பக்கம், மாதா ஒரு பக்கம்

இந்த நினைவு மலரை அண்ணாவின் கையில் கொடுத்திருந்தால் முதலில் தாளைத் தடவிப் பார்த்திருப்பார். "ஏன் இவ்வளவு வழுவழுப்பு? சாதாரணத் தாளில எழுத்து ஒட்டாதோ?" என்று கேட்டிருப்பார். அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்துவிட்டுத்தான் அவரைப் பற்றி எழுதத் தொடங்குகிறேன். அவர் உயிரோடு இருந்தபோதும் தம்பியாகிய நான் அப்படித்தான்.

அண்ணா நாயாற்றுக் கரையில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, எங்களைப் பெற்ற ஐயாவோடு கடலுக்குப் போனார். ஐயா இறந்தபின் என்னை வளர்த்தவரும் அவரே. போர்க்காலத்தில் எல்லாரையும் போல நாங்களும் வீடு, வலை, படகு என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது அண்ணாவின் கையில் ஒரு செபமாலையும் தோளில் ஒரு துவாயும்தான் இருந்தன. அதற்குப் பிறகு மற்றவர்கள் பொருள் சேர்த்தார்கள். அண்ணா இருப்பதையும் விடத் தொடங்கினார்.

தவக்காலத்துக்கு ஏதாவது ஒன்றை விடுவது எங்கள் கத்தோலிக்க வீடுகளில் வழக்கம். விபூதிப் புதனன்று விட்டதை, நாற்பது நாள் கழித்து உயிர்த்த ஞாயிறன்று திரும்ப எடுத்துக்கொள்வோம். நானெல்லாம் பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டுமுன்பே சுருட்டைப் பற்றவைக்கிற ஆள். அண்ணாவோ விட்டதைத் திரும்ப எடுப்பதில்லை. முதல் வருஷம் சுருட்டை விட்டார். அண்ணி சந்தோஷப்பட்டா. அடுத்த வருஷம் தேத்தண்ணிக்குச் சீனி. பிறகு மெத்தை. பிறகு மோட்டார் சைக்கிள். தூரத்து ஊரான தண்ணீரூற்றுக்கும் மிதி சைக்கிளில்தான் பயணம். இன்னொரு வருஷம் தலைமயிருக்குப் பூசுகிற மையை விட்டார். விபூதிப் புதனன்று கறுத்த தலையோடு கோயிலுக்குப் போன மனிதர் உயிர்த்த ஞாயிறன்று வெள்ளைத் தலையோடு நின்றார். பக்கத்தில் நின்ற அண்ணியை "மகளோ?" என்று புதிதாக வந்த பங்குச் சுவாமி கேட்டுவிட்டார். அண்ணிக்கு அதில் சந்தோஷமா கோபமா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

"தவக்காலம் முடிஞ்சுது, இனிச் சீனி போடலாம்" என்று சுவாமியே சொல்லிப் பார்த்தார்.

"நாப்பது நாள் சீனி இல்லாமல் இருந்தன் சுவாமி. செத்தே போனன்?" என்றார் அண்ணா.

மாசி மாதம் வந்தால் வீடே நடுங்கும். தொலைக்காட்சிப் பெட்டி அவர் கண்ணில் படாதிருக்கப் பிள்ளைகள் அதைத் துணியால் மூடி வைப்பார்கள். "வாற வருசம் என்னையும் விட்டிடுவியளோ?" என்று அண்ணி ஒருநாள் நேரே கேட்டா.

"அப்ப சண்டைக்குள்ள எல்லாம் பறிபோச்சுது. இப்ப நானாக் குடுக்கிறன். இரண்டும் ஒண்டே?" என்றாராம் அண்ணா.

இவ்வளவையும் விட்டவர் ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தார். அது என் மேல் இருந்த கோபம்.

மீளக் குடியேறியபோது எங்கள் இருவருக்குமாக ஒரு படகு கிடைத்தது. அதற்கு அந்தோனியாரின் பெயரை வைப்பதென்று அண்ணா முடிவெடுத்தார். தொலைந்ததைத் தேடித் தருபவர் அவரல்லவா. எனக்கோ மாதாதான். அண்ணா கோயில் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, படகில் 'மாதா துணை' என்று பெரிதாக எழுதிவிட்டேன்.

"ஆரைக் கேட்டு எழுதினனீ?"

"மாதாவைக் கேட்டு."

அதோடு பேச்சு நின்றது. மறுநாள் படகின் மறுபக்கத்தில் 'அந்தோனியார் துணை' வந்துவிட்டது, என் எழுத்தைவிட இரண்டு விரல் பெரிதாக. ஆறு வருஷம் ஒரே படகில் ஒரே வலையை இழுத்தோம். முகம் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. ஆனால் வாய் திறக்காமல் கடலில் தொழில் செய்ய முடியாதே. அதனால் அவரவர் புனிதரிடம் சொன்னோம்.

"அந்தோனியாரே, வலையை மெள்ள இழுக்கச் சொல்லும் அந்த மொக்கனை."

"மாதாவே, இஞ்சினை நிப்பாட்ட மறந்தவைக்கு வாய்க்கு மட்டும் குறைவில்லை, பாத்தீங்களோ?"

புதுக்குடியிருப்பிலிருந்து மீன் எடுக்க வந்த வியாபாரி ஒருவர், நாங்கள் கரை சேரும்போது இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இப்பிடிப் பக்தியான சகோதரங்களை நான் கண்டதேயில்லை" என்று சுவாமியிடம் சொன்னாராம். சுவாமி சிரிப்பை அடக்க நெடுநேரம் இருமினாராம்.

பிறகு ஒரு விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு அண்ணா என் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, இனி வீட்டில விடுறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. இந்தமுறை உன்னில இருந்த கோவத்தை விடுறன்."

"நாப்பது நாளைக்கோ?"

"தவக்காலம் நாப்பது நாள்தானே" என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அந்த நாற்பது நாளில் ஆறு வருஷக் கதையையும் கதைத்தோம். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் பயம். அண்ணா விட்டதைத் திரும்ப எடுக்காதவர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சீனியும் சுருட்டும் அவருடைய படகில் மாதாவின் பெயரை எழுதவில்லையே! பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையில் நான் என் பாவங்களுக்காக மன்றாடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அண்ணா என்னோடு கதைக்க வேண்டும் என்றுதான் மன்றாடினேன்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து வாசலில் காத்து நின்றேன். அண்ணா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த புனிதர் சுரூபத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அந்தோனியாரே..."

எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணி கோழி காய்ச்சிறாவாம். சாப்பிட வரச் சொல்லும் இந்த மொக்கனை."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். வந்த கோபத்தில், "ஆறு வருசம் என்னோட கதைக்காமல் இருந்தனீங்கள். செத்தே போனீங்கள்?" என்று கத்திவிட்டேன்.

அண்ணாவின் சிரிப்பு நின்றது.

"ஓமடா. அரைவாசி செத்துத்தான் போனன்."

அதன்பின் நாங்கள் சண்டையே பிடிக்கவில்லை என்று பொய் எழுதினால் கோயிலில் வைத்து இந்த மலரைக் கொடுக்க முடியாது. பிடித்தோம், புனிதர்களை இடையில் இழுக்காமல் நேருக்கு நேர் பிடித்தோம். அண்ணா நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தெரியாமல் ஒருவர் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்துவிட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மிச்சத்தை எனக்குத் தந்தார். இரண்டு நாளில், அதே செபமாலையைக் கையில் பிடித்தபடி ஆண்டவரிடம் போனார். அவருடைய அலுமாரியில் உடுப்பென்று இரண்டு சேட்டும் மூன்று சாரமும் இருந்தன.

அடக்கத்தன்று கடலுக்குப் போகாமல் எங்களோடு நின்ற கரை மக்களுக்கும், எங்கள் குசினியைத் தங்கள் குசினியாக எண்ணிச் சமைத்த அயலவருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், பாண்ட் வாத்தியம் வேண்டாம் என்ற அண்ணாவின் விருப்பத்துக்கு மனமில்லாமலே இணங்கிய மருமக்களுக்கும், தூரம் பாராமல் வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது சொல்ல மறந்திருந்தால் கோபிக்காதீர்கள். கோபம் வந்தால் வருகிற தவக்காலத்தில் அதை விட்டுவிடுங்கள்.

படகில் இரண்டு பெயர்களும் அப்படியே இருக்கின்றன. போன கிழமை அண்ணாவின் பக்கத்து எழுத்துக்கு நானே புதுப் பெயின்ற் அடித்தேன். இரண்டு விரல் உயரத்தைக் குறைக்கவில்லை. கடலுக்குப் போனால் இப்போது மாதாவோடு எனக்கு அதிகம் கதையில்லை. வலையை இழுக்கும்போது மற்றப் பக்கம் திரும்பித்தான் கதைக்கிறேன்.

"அந்தோனியாரே, அண்ணையிட்டச் சொல்லும், மெள்ளத்தான் இழுக்கிறன் எண்டு."