கொய்யாவில் பேரம் பேசலாம், பீடியில் முடியாது

சாப்பாட்டைப் பற்றி ஆலோசனை சொல்லும் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: எதிரே உட்காருகிறவர் எப்போதும் நம்மைவிட அதிக வருஷம் சாப்பிட்டவராக இருப்பார்.

மனையியல் பட்டம் வாங்கிய கையோடு, தொண்ணூறுகளின் நடுவில், வண்ணார்பேட்டையில் ஒரு நெஞ்சு நோய் டாக்டரின் கிளினிக்கில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. இளைப்புக்காரர்கள், நாள்பட்ட இருமல்காரர்கள், பீடிக்காரர்கள் எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்கள். நுரையீரல் சுகமாக இருக்க என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். சொல்வதில்தான் சிக்கல், என் குரல் மேசையைத் தாண்டாது. 'உள்ளேன் ஐயா' என்று சொல்லியும் காதில் விழாமல் ஆப்சென்ட் போடப்பட்டவரா நீங்கள்? அப்படியென்றால் மேலே படியுங்கள், நாம் உறவு.

மிஷினோடு போட்டி

என் மேசை போட்டிருந்த இடம் அப்படி. ஒரு பக்கம், மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் மிஷின் 'டர்ர்ர்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். மறுபக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். முதல் வாரமே டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "பொங்கல் வரைக்கும் பாப்போம்மா. நீ பேசுதது கேக்கலைன்னா, என்ன சாப்பிடணும்னு ஒரு படம் அடிச்சு செவுத்துல மாட்டிருவேன்" என்றார்.

எனக்கு அந்த மேசை வேண்டும். அது போனால் வீட்டில் ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். அதனால் அன்றைக்கு வந்த ஓய்வுபெற்ற தாசில்தாரிடம் என் பலத்தையெல்லாம் திரட்டி, கீரை, பருப்பு, கொய்யா என்று சொன்னேன். அவர் என் உதட்டையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் டாக்டர் அறைக் கதவைத் திறந்தார்.

"டாக்டர், இந்தப் பிள்ளைக்கும் மூச்சு முட்டுதுன்னு நெனைக்கேன். மொதல்ல அதைக் கவனிங்க."

ஒன்பது வேளை

அரிசி மண்டி அண்ணாச்சிக்குச் சாப்பிட்டதும் மேல்மூச்சு வாங்கும். வயிறு முட்ட நிரம்பினால் நுரையீரல் விரிய இடமிருக்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுங்கள் என்றேன். காதைக் கிட்டே கொண்டுவந்து, பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த முறை படியேறி வந்தபோது பாதியில் உட்கார்ந்துவிட்டார். முன்னைவிட வேட்டி இறுகியிருந்தது. விசாரித்தால், இட்லி, சோறு, தோசை என்ற பழைய மூன்று வேளையும் அப்படியே நடக்கிறது. நடுநடுவே என்னுடைய ஆறும் நடக்கிறது.

"அம்மை பழக்குனதையும் விடக்கூடாது, படிச்ச பிள்ள சொன்னதையும் தட்டக்கூடாதுலா?"

தோட்டத்துக்காரரின் விரதம்

களக்காட்டிலிருந்து ஒரு வாழைத் தோட்டக்காரர் மனைவியோடு வந்தார். இளைப்பு. வாழைப்பழம் குளிர்ச்சி, சளி கட்டும் என்று யாரோ சொல்லி, சொந்தத் தோட்டத்துப் பழத்தைப் பல வருஷமாகத் தொடாமல் இருந்தார். தார் தாராகச் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர் வாயில் ஒரு பழம் போனதில்லை!

உங்களுக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம், பழத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் முகம் தேர் பார்த்த பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. மனைவிதான் பதறிப்போனார்.

"ஏட்டி, இவுகளும் திங்க ஆரம்பிச்சா சந்தைக்கு என்னத்தக் கொண்டு போக?"

ஆற்றை அடுப்பில் ஏற்றுவது

வெதுவெதுப்பான தண்ணீர் அடிக்கடி குடித்தால் சளி இளகும். இதை ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த கணக்கு வாத்தியாரிடம் சொல்லியிருக்கக்கூடாது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேறு ஊர்த் தண்ணீரைக் காய்ச்சலாம், தாமிரபரணியை எதற்காகக் காய்ச்சுவது என்று கேட்டார். மூலிகை மலையில் புறப்பட்டு வருகிற தண்ணீராம், அதற்குமேல் ஒரு மருந்து உண்டா என்றார்.

எனக்கு வாதாட வராது. கெஞ்சத்தான் வந்தது. "சார், அடுப்பில் ஏற்ற வேண்டாம். உங்கள் வீட்டில் காப்பிக்கு வெந்நீர் வைப்பார்கள் அல்லவா? அதில் பாதியை இந்தத் தண்ணீரோடு கலந்து குடித்தால்?" அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"கலக்கலாம். ஆனா காப்பிக்கு வச்ச வெந்நீர்னுதான் சொல்லணும், தாமிரபரணியைக் காய்ச்சினேன்னு வெளியில சொல்லப்படாது."

மேசையில் சந்தை

வாத்தியாரிடம் அன்றைக்குத் திறந்த பேரக் கதவு பிறகு மூடவேயில்லை. இந்தப் பிள்ளையிடம் பேசினால் குறைக்கும் என்று வரிசையில் செய்தி பரவிவிட்டது. அப்பளத்தில் உப்பு, வேண்டாம் என்றால், "வழக்கமா ரெண்டு பொரிப்போம், இனி ஒண்ணை விட்டுக் குடுத்துருதேன்." கீரை தினமும் என்றால், "வாரத்துல பாதி, முருங்கையா இருந்தா முக்காவாசி." அண்ணாச்சியை ஒன்பது வேளையிலிருந்து ஏழுக்கு இறக்கி, ஒருவழியாக ஆறில் முடித்தேன். என் குரலும் படிப்படியாக ஏறியது. சந்தையில் கிசுகிசுத்து யார் பேரம் பேச முடியும்?

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தார். பை நிறையக் கொய்யாப் பழத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "தங்கச்சி, தெனம் ரெண்டு திங்கேன். நீ ஒண்ணுதான் சொன்ன, நான் ரெண்டு. அதுக்குப் பதிலா பீடிய மட்டும் கண்டுக்கிடாத" என்றார். எனக்குள் என்ன நடந்ததோ தெரியாது. எழுந்து நின்றேன். "கொய்யாவில் கூடக் குறையப் பேசலாம் அண்ணே, பீடியில் பேரமே கிடையாது! தோட்டம் முழுக்கத் தின்றாலும் அந்தப் புகைக்கு ஈடாகாது!" மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டரின் அறையிலிருந்து நர்ஸ் செல்வி அக்கா ஓடி வந்தார்.

"வெளிய எவன்ல சண்டை போடுதான்னு டாக்டர் கேக்காரு!"

படம் வந்தது

டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்த படமும் அதே வாரம் வந்து சேர்ந்தது. பளபளவென்று ஆப்பிள், திராட்சை, எங்கள் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பச்சைப் பூ. என் மேசைக்கு நேர் மேலே ஆணி அடித்தார்கள். நான் என் பேனாவையும் டிபன் பாக்ஸையும் பையில் வைக்க ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி அன்று மாத்திரைக்கு வந்திருந்தார். படத்தின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார். ஆப்பிளிடம் ஏதோ முணுமுணுத்தார். பதில் வராததால் விறுவிறுவென்று டாக்டரிடம் போனார். டாக்டர் வெளியே வந்து என் பையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு மேசையை மிஷினைவிட்டுத் தள்ளி, கூடத்தின் நடுவில் போடச் சொன்னார். ஆப்பிளும் திராட்சையும் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே தொங்கின. உள்ளே அண்ணாச்சி சொன்னது என்ன என்று செல்வி அக்காதான் பிறகு எனக்குச் சொன்னார்.

"படம் நல்லாத்தான் இருக்கு டாக்டர், ஆனா ஒரு வேளைகூட எறங்கி வர மாட்டேங்கு."

வந்தவர்களின் நுரையீரலுக்கு அந்த மேசை எவ்வளவு நல்லது செய்ததோ தெரியாது, என்னுடையது மட்டும் அங்கேதான் முழுசாக விரிந்தது.