இடப்பக்கத்துப் புள்ளி

ஜெர்மனியில், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் அந்தச் சோதனை தொடங்கியது. இருட்டறை, ஒரு டப்பா மானிட்டர், நடுவே ஒரு கூட்டல் குறி. கண் அதைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். திரையின் இரண்டு ஓரங்களிலும் புள்ளிகள் தோன்றும். எது முதலில் வந்தது என்று பொத்தானை அழுத்த வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இவ்வளவு எளிய கேள்வியில் தடுமாறுவேன் என்று நினைக்கவில்லை.

சோதனையை நடத்தும் பொறுப்பை எனக்குக் கொடுப்பதா, கோயம்புத்தூரிலிருந்து எனக்கு முன்பே வந்திருந்த சீனியருக்குக் கொடுப்பதா என்று பேராசிரியை முடிவு செய்யவில்லை. முன்னோட்டத்தில் சீனியர் இயக்க, நான் பார்த்துப் பதில் சொன்னேன். என் பதில்கள் நம்பும்படி இல்லையென்றால் பொறுப்பு அவருக்குப் போய்விடும்.

முடிந்ததும் முடிவுகளைக் காட்டினார். இரண்டு புள்ளிகளும் ஒரே நேரத்தில் வந்தபோதுகூட, பெரும்பாலும் இடதுதான் முதலில் என்று அழுத்தியிருந்தேன்.

“இடதுபக்கம் பந்திக்கு முந்துதேம்மா,” என்று சிரித்தார்.

எங்கள் வீட்டு ஆட்களை எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காரவைத்ததில்லை. அது தெரிந்துதான் சொன்னாரா?

இடது புள்ளி முன்னால் வந்ததை நான் பார்த்தேன். அப்படியானால் புரோகிராமில் ஏதோ செய்திருக்கிறார். மறுநாள் காலை பனியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவருக்கு முன்பே போய், திரையின் இரண்டு ஓரங்களிலும் ஒளி உணர்வியை ஒட்டிப் பார்த்தேன். இரண்டு புள்ளிகளும் தோன்றும் நேரத்தில் துளி வித்தியாசமில்லை. நான் சோதிப்பேன் என்று தெரிந்து சரிசெய்து வைத்துவிட்டார் என்று தோன்றியது.

அவர் வந்ததும் மறுபடி நடத்தச் சொன்னேன். முந்தின நாள் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து எதையாவது தட்டியிருப்பாரோ என்று, இந்தமுறை வலப்பக்கம் உட்காரச் சொன்னேன். இப்போது வலது புள்ளி முந்தியது.

கேட்டேவிட்டேன். “அண்ணா, புரோகிராம்ல கை வச்சீங்களா?”

அவர் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார். என் கண் கூட்டல் குறியை விட்டு அசையவே இல்லை.

“நான் கை வைக்கலம்மா. நீதான் ரெண்டு நாளா என் மேல ஒரு கண்ணு வச்சிருக்கே.”

அவர் கேலியாகச் சொன்னதுதான் நாங்கள் தேடிக்கொண்டிருந்த விஷயம். கண் எங்கே இருந்தாலும், கவனம் இருக்கும் பக்கத்தில் நடப்பது முன்னால் நடந்ததாகத் தெரிகிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் அதை விளக்கிப் பேராசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன். பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் ஆளாக அவரையே இருட்டறையில் உட்காரவைத்தேன். நான் அவருக்கு இடப்பக்கம் அமர்ந்து இயக்கினேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. முடிந்ததும் முடிவுகளைத் திறந்தேன்.

இடது புள்ளிதான் முந்தியிருந்தது.